புள்ளி மூன்று

சமூக அறிவுத் துறைக்கு மூன்று மாடிகள். கீழ்மாடியில் ஆட்சியியல், நடுமாடியில் உளவியல், மேல்மாடியில் பொருளியல். மூன்று மாடிக்கும் சேர்த்து ஒரே வேலைதான்: நாட்டு மக்களுக்கு ஆரம்பப் பாடம் சொல்லித் தருவது. அரசு என்றால் என்ன, மனம் என்றால் என்ன, சந்தை என்றால் என்ன. ஆரம்பப் பாடத்தைத் தாண்டி அங்கே யாரும் போனதில்லை. தாண்டினால் ஆரம்பப் பாடத்தின் மேலேயே சந்தேகம் வந்துவிடும் என்று துறைக்குள் ஒரு பயம் உண்டு.

அந்தத் துறை அச்சடித்த புத்தகத்தை எங்கே பிரித்தாலும் சராசரிக் குடும்பம் என்று ஒன்று வந்து நிற்கும். சராசரிக் குடும்பம் இவ்வளவு சாப்பிடுகிறது, இவ்வளவு சேமிக்கிறது, இவ்வளவு பயப்படுகிறது. இத்தனை முறை வரிசையில் நிற்கிறது, அதில் இத்தனை முறை அதன் முறை வரும்போது சரியாக ஜன்னலைச் சாத்துகிறார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இதையெல்லாம் மனப்பாடம் செய்து, பரீட்சையில் எழுதி, பெரியவர்களாகி, அதே ஜன்னல் முன்னால் போய் நின்றார்கள். எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்துகொண்டிருந்தது.

புது அமைச்சர் ஒருவர் வந்தார். புத்தகம் படிக்கிற கெட்ட பழக்கம் அவருக்கு இல்லை. ஆனாலும் மேஜை மேல் கிடந்ததைக் கை போன போக்கில் புரட்டினார். புரட்டினவர், "நல்ல குடும்பமா இருக்கே! ஒருநாள் இவங்க வீட்டுக்குப் போய் டீ குடிக்கணும். ஏற்பாடு பண்ணுங்க" என்றார்.

மூன்று மாடியும் ஆடிப் போயின. அப்படி ஒரு குடும்பமே கிடையாது என்று சொல்லிவிடலாம்தான். இல்லாத குடும்பத்துக்கா இத்தனை காலம் திட்டம் போட்டீர்கள் என்று அடுத்த கேள்வி வருமே! ஆகவே தேட ஆரம்பித்தார்கள்.

தேடல் படலத்தை முழுக்கச் சொன்னால் நான் கூட்டிச் சொல்வதாக நினைப்பீர்கள். அளவு நாடாவும் தராசுமாகத் துறையின் ஆட்கள் தெருத்தெருவாகப் போனார்கள். ஒரு வீட்டில் எல்லாம் பொருந்தி, வீட்டுக்காரரின் கடைவாய்ப்பல் ஒன்று அதிகமாக இருந்ததால் தள்ளுபடி. அவர், "பிடுங்கிக்கறேன் சார், ஒரு மணி நேரம் குடுங்க" என்று பின்னாலேயே ஓடி வந்தார். இன்னொரு வீட்டில் சிரிப்பு சராசரிக்கு மேல் இருந்தது. அவர்கள் மீது தனி விசாரணை.

கடைசியில் கண்ணாடிக்காரர் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள்.

கண்ணாடிக்காரர் என்றால், ஜன்னலுக்கும் அலமாரிக்கும் கண்ணாடி வெட்டிக் கொடுக்கிற கடையில் வேலை பார்த்தவர். தெருவே அவரை அப்படித்தான் கூப்பிடும். அவர், மனைவி, இரண்டு பெண்கள், நான்கு பேரும் மனைவியின் அண்ணன் வீட்டில் ஒரு பின்னறையில் குடியிருந்தார்கள். அறை என்று மரியாதைக்குச் சொல்கிறேன். கூடத்தின் மூலையில் ஒரு திரை கட்டியிருந்தது. திரைக்கு இந்தப் பக்கம் இவர்கள், அந்தப் பக்கம் அண்ணனின் கட்டில். இவர்கள் இருமினால் அந்தப் பக்கத்திலிருந்து அண்ணி தொண்டையைச் செருமுவாள். அது எச்சரிக்கை. கண்ணாடிக்காரரின் மனைவி குளிக்கப் போனால், வாளியில் விழுகிற தண்ணீர்ச் சத்தத்தை வைத்தே, "என்ன, இன்னைக்கு ஆறே ஓடுது போலிருக்கு?" என்று குரல் வரும். மனைவி பதில் பேசுவதில்லை. திரை கட்டிய வீட்டில் பதில் பேச முடியாது.

துறையிலிருந்து வந்தவர்கள் மூன்று பேர், மாடிக்கு ஒருவர். ஆட்சிப் பிரிவு அதிகாரி உட்காரவே மாட்டார். சட்டத்தின் முன் அனைவரும் நிற்க வேண்டும் என்று எங்கேயோ தப்பாகப் படித்துவிட்டார். உளவியல் பிரிவு அம்மா யார் பேசினாலும் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கேட்பார். மணி கேட்டால்கூட, "அந்தக் கேள்வி உங்களுக்கு என்ன உணர்வைத் தருது?" என்பார். பொருளியல் பிரிவு அதிகாரி எந்த வாக்கியத்தையும், "மற்றவை எல்லாம் மாறாம இருந்தா" என்றுதான் தொடங்குவார். மற்றவை எல்லாம் மாறிக்கொண்டேயிருந்ததால் அவர் வாக்கியம் எதுவும் இதுவரை பொய்யானதில்லை.

உயரம், எடை, சம்பளம், கடன், கவலை எல்லாம் பொருந்தின. கணவன் மனைவி சண்டை ஒன்று பார்க்க வேண்டும் என்றார்கள். இருவரும் வெட்கத்தோடு ஒரு சின்னச் சண்டை போட்டுக் காட்டினார்கள். சராசரியில் அச்சாகப் பொருந்தியது. சராசரிக் குடும்பத்துக்கு அரை சைக்கிள் இருக்க வேண்டும். கண்ணாடிக்காரரின் சைக்கிளில் பின்சக்கரத்தை யாரோ கழற்றிக்கொண்டு போய் ரொம்ப நாளாகிறது. சுவரில் சாய்ந்திருந்த அந்த அரை சைக்கிளைச் சுற்றி நின்று அதிகாரிகள் கண் கலங்கினார்கள்.

"பிள்ளைங்க?"

"ரெண்டு பொண்ணு சார்."

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சராசரி ரெண்டு புள்ளி மூணு" என்றார் ஆட்சி அதிகாரி. "மீதி எங்க?"

"மீதியா?" கண்ணாடிக்காரர் மனைவியைப் பார்த்தார்.

"மீதி வைக்கிற பழக்கமெல்லாம் எங்க வீட்ல இல்ல சார்" என்றாள் அவள். திரைக்கு அந்தப் பக்கம் அண்ணியே சிரித்துவிட்டாள்.

அதிகாரிகள் சிரிக்கவில்லை. பொருத்தமான குடும்பம் கையில் கிடைத்தும் ஒரு புள்ளியால் நழுவுகிறதே என்ற வேதனை. ஆட்சி அதிகாரிதான் வழி கண்டுபிடித்தார்.

"இங்க பாருங்க. இருக்குன்னு நீங்க ஒத்துக்கிட்டாப் போதும். கண்ணால பாக்கணும்னு யாரும் சொல்லல. அரசாங்கத்தையே யாரு பாத்திருக்காங்க? நானே பாத்ததில்ல, முப்பது வருஷமா உள்ளதான் இருக்கேன். இருக்குன்னு எல்லாரும் ஒத்துக்கிட்டதாலதான் அது இருக்கு. இதுதான் முதல் பாடம்."

"ஒத்துக்கிட்டா?"

"சராசரி இல்லம் உங்களுக்கு. ரெண்டு ரூம், தனிச் சமையல்கட்டு, தனிக் குளியல்ரூம்."

தனிக் குளியல்ரூம் என்ற சொல்லைக் கேட்டதும் மனைவி கண்ணாடிக்காரரின் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தாள். "ஒத்துக்கோங்க" என்றாள், உதடு அசையாமல்.

ஒத்துக்கொண்டார்கள்.

புது வீட்டில் முதல் வேலையாக அவள் வாசல் கதவை உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போட்டாள். திறந்தாள். மறுபடி போட்டாள். பெண்கள் வரிசையில் நின்று ஆளுக்கொரு தடவை போட்டுப் பார்த்தார்கள். பிறகு அவள் குளிக்கப் போனாள். வாளி நிறைந்து வழிகிற சத்தம் வெகுநேரம் கேட்டது. யாரும் எதுவும் சொல்லவில்லை.

மறுநாள் துறையின் வண்டி வந்தது. புள்ளி மூன்றுக்கான தொட்டில், தட்டு, கரண்டி, நாற்காலி எல்லாம் இறங்கின. தச்சர் மட்டும் குழம்பிப் போய், "ஐயா, குழந்தையில பத்துல மூணு பங்குன்னா எந்தப் பக்கம்? தலைப்பக்கமா, கால்பக்கமா? தெரிஞ்சாத்தானே தொட்டில் இழைக்க முடியும்?" என்று கேட்டுவிட்டார். மூன்று மாடிக்கும் மூண்டது போர். தலைதான் என்றது உளவியல், மனம் அங்கேதான் இருக்கிறது. வயிறு இல்லாமல் தேவை ஏது, தேவை இல்லாமல் சந்தை ஏது என்றது பொருளியல். இடது கை ஆள்காட்டி விரல் ஒன்று போதும், ஓட்டுப் போட மை வைக்கிற இடம் அதுதான், மற்ற பாகங்களோடு அரசுக்கு எந்தத் தொடர்பும் இருந்ததில்லை என்றது ஆட்சி. கடைசியில் ஆளுக்கொரு பங்கு என்று பிரித்துக்கொண்டார்கள். தச்சர் தலையிலடித்துக்கொண்டு, ஒரு சாதாரணத் தொட்டிலையே கொஞ்சம் சின்னதாகச் செய்து வைத்துவிட்டுப் போனார்.

அந்தத் தொட்டிலைப் பார்த்து மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். பெண்கள் பொம்மையைப் போட்டு ஆட்டினார்கள். கண்ணாடிக்காரர் அதில் தம் சட்டையைத் தொங்கவிட்டார்.

துறையின் ஆட்கள் முறைவைத்து வந்தார்கள். பொருளியல் அதிகாரி தொட்டிலுக்கு முன் குந்தி உட்கார்ந்து, "மனிதத் தேவைகள் எல்லை இல்லாதவை, வளங்கள் எல்லை உள்ளவை. மற்றவை எல்லாம் மாறாம இருந்தா, இதுக்கு என்ன வேணும்?" என்று கேட்பார். பதில் வராது. "ஒண்ணும் வேண்டாங்குது. ஆச்சரியம்!" என்று எழுந்து போவார். ஆட்சி அதிகாரி அதற்கு உரிமைகளை வாசித்துக் காட்டினார், பிறகு கடமைகளை. கடமைகள் வாசிக்க ரொம்ப நேரமாயிற்று.

உளவியல் அம்மாதான் விஷயத்தைக் கெடுத்தவர்.

அவர் மத்தியான வேளைகளில் வருவார். கண்ணாடிக்காரர் கடைக்கும் பெண்கள் பள்ளிக்கும் போயிருப்பார்கள். சமையல்கட்டில் மனைவி எதிரே உட்கார்ந்து தலையைச் சாய்த்துக்கொள்வார்.

"குழந்தை எங்க?"

"இல்லையேம்மா. உங்களுக்கே தெரியுமே."

"இது மறுப்பு. முதல் நிலை. நல்ல முன்னேற்றம்."

அடுத்த தடவையும் அதே கேள்வி. அதற்கடுத்த தடவையும். மனைவி முதலில் சிரித்தாள், பிறகு சலித்தாள், பிறகு கோபப்பட்டாள். கோபம் இரண்டாம் நிலை என்று உளவியல் அம்மா மகிழ்ந்தார். அப்படியே போய்க்கொண்டிருந்தது.

ஒருநாள் கடையில் மின்சாரம் இல்லாததால் கண்ணாடிக்காரர் மத்தியானமே வீடு திரும்பினார். வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளே பேச்சுக் குரல் கேட்டது.

"பத்துல மூணு பங்கு இருக்கிற ஒரு குழந்தைய எப்படி உணர்றீங்க?" இது உளவியல் அம்மா.

ஒரு பாத்திரத்தைத் தரையில் வைக்கிற சத்தம் கேட்டது.

"பங்கெல்லாம் இல்லம்மா" என்றாள் மனைவி. அந்தக் குரலை அவர் ரொம்ப நாளாகக் கேட்டதில்லை. "அது முழுசாத்தான் இருக்கு. சின்னதா இருக்கு, அவ்வளவுதான். மூணு மாசத்துல அப்படித்தான் இருக்கும்."

கண்ணாடிக்காரர் ஒரு கால் செருப்போடு நின்றார்.

இளையவளுக்குப் பிறகு ஒன்று தங்கியது. மூன்றாம் மாதத்தில் ஒரு பகல் பொழுதில் போயிற்று. திரைக்கு இந்தப் பக்கம். அந்தப் பக்கம் அண்ணனும் அண்ணியும் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் அழவில்லை, திரை அவ்வளவு மெல்லியது. சாயங்காலம் எழுந்து எல்லோருக்கும் சமைத்தாள். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவளும் பேசியதில்லை, அவரும் கேட்டதில்லை. பேசுவதற்கு இடம் ஏது? அவர் அதை மறந்தே போய்விட்டதாக நினைத்துக்கொண்டிருந்தார்.

பத்து மாதத்தில் மூன்று மாதம். அளவெடுத்தே பிழைக்கிற மனிதர், வாசலில் நின்றபடியே கணக்குப் போட்டுவிட்டார். போட்ட பிறகு வீட்டுக்குள் நுழையப் பயமாக இருந்தது.

உள்ளே உளவியல் அம்மா கைதட்டிக்கொண்டிருந்தார். "ஏற்பு! கடைசி நிலை! என் மாடியில இதுவரை யாரும் இந்த நிலைக்கு வந்ததில்ல!"

அன்றைக்குத் தொட்டிலிலிருந்த சட்டையை அவள் எடுத்து மடித்து அலமாரியில் வைத்தாள்.

அதன் பிறகு அந்த வீடு வேறு மாதிரி ஆகிவிட்டது. பெண்கள் ஓடி வந்தால் தொட்டிலுக்குப் பக்கத்தில் மட்டும் நடந்தார்கள். யாரும் சொல்லித் தரவில்லை. இளையவள் பிஸ்கட் தின்னும்போது ஒரு துணுக்கை உடைத்து அந்தச் சின்னத் தட்டில் வைப்பாள். எறும்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. தட்டு மட்டும் காலியாக இருக்கும். சின்னத் தலையணையின் நடுவில் ஒரு பள்ளம் விழுந்தது. கண்ணாடிக்காரர் அதைத் தட்டிச் சமன் செய்துவிட்டுக் கடைக்குப் போவார், திரும்பி வந்தால் பள்ளம் அங்கேயே இருக்கும். விடுமுறை நாள் மத்தியானத்தில் எல்லோரும் படுத்துத் தூங்கும்போது அவர் மட்டும் விழித்துக் கிடந்து மூச்சுகளைக் கேட்பார். மனைவியுடையது நீளம். மூத்தவளுக்கு மூக்கடைப்பு. இளையவளுடையது வேகம். நடுவே, ஒரு பெருமூச்சின் நுனி மாதிரி, குட்டையாக ஒன்று. காற்றுதான் என்று திரும்பிப் படுத்துக்கொள்வார். ஜன்னல் சாத்தியிருக்கும்.

அண்ணி ஒருநாள் வீடு பார்க்க வந்தாள். வாசலிலேயே ஆரம்பித்தாள். "நீ கொடுத்து வெச்சவடி! பெத்தவளுக்கெல்லாம் ஒண்ணும் கிடைக்கல, பெறாத பிள்ளைக்குத் தொட்டில் என்ன, தட்டு என்ன..."

"உஷ். இப்பத்தான் தூங்குது அண்ணி."

அண்ணி வாயைத் திறந்தாள். மூத்தவள் உதட்டில் விரல் வைத்தாள். இளையவளும் வைத்தாள். அண்ணி தொட்டிலைப் பார்த்தாள், பெண்களைப் பார்த்தாள். திறந்த வாயை மெல்ல மூடினாள். அதற்குப் பிறகு வந்த விஷயங்களை எல்லாம் கிசுகிசுவென்றே பேசி, போகும்போது செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போனாள். நாலு பேர் செய்வதைப் பார்த்து ஐந்தாவது ஆள் செய்வது பற்றி துறையின் புத்தகத்தில் ஒரு பாடம் இருக்கிறது. ஆனால் அண்ணி அந்தத் தெருமுனை வரை செருப்பைப் போடாமலே நடந்தாளாம். பாடத்தில் அவ்வளவு தூரம் இல்லை.

கடைசியில் அமைச்சர் டீ குடிக்க வந்தார். கேமராக்கள் வந்தன, மூன்று மாடியும் வந்தது. அமைச்சர் நேராகத் தொட்டிலை நோக்கிக் கையை நீட்டினார்.

"கை கழுவிட்டுத் தொடுங்க சார்" என்றாள் மனைவி.

அதிகாரிகளுக்கு உயிர் போயிற்று. அமைச்சர் போய்க் கை கழுவிக்கொண்டு வந்தார். சோப்புப் போட்டே கழுவினார். பிறகு தொட்டில் பக்கத்தில் நின்று பேசினார்:

"இந்த வீட்ல ரெண்டு பொண்ணுங்களப் பாத்தேன். ஒண்ணு, என் மூக்கு ஏன் இவ்வளவு பெருசுன்னு கேட்டுது. இன்னொண்ணு, எனக்கு வெச்ச பிஸ்கட்ல பங்கு கேட்டுது. இந்தக் குழந்தையப் பாருங்க! எதையும் கேக்கல. இடத்த அடைக்கல. ஊர்வலம் போகல. ரோடு சரியில்லன்னு சொல்லல. ஒரு நாளாவது இது என் ஆபீஸ் வாசல்ல வந்து நின்னிருக்கா? இத்தன வருஷ அரசியல்ல நான் பாத்த மிகச் சிறந்த குடிமகன் இதுதான். நாட்டு மக்கள் அத்தன பேரையும் இந்த நிலைக்குக் கொண்டு வரணும்கறதுதான் எங்க அரசோட லட்சியம். அதுல பாதி முடிச்சிட்டோம்!"

கைதட்டல். பொருளியல் அதிகாரி உணர்ச்சிவசப்பட்டு, "மற்றவை எல்லாம் மாறாம இருந்தா..." என்று ஆரம்பித்து அழுதுவிட்டார்.

இவ்வளவும் நடந்த பிறகு, துறையில் வருடாந்தரக் கணக்கெடுப்பு நடத்தினார்கள். பிள்ளைகளின் சராசரி இரண்டு என்று வந்தது. இரண்டு புள்ளி எதுவுமில்லை. வெறும் இரண்டு. இப்படி ஒரு சுத்தமான எண் துறையின் சரித்திரத்திலேயே வந்ததில்லை. மூன்று அதிகாரிகளும் இனிப்புப் பெட்டியோடு சராசரி இல்லத்துக்கு வந்தார்கள். உளவியல் அம்மா கையில் மடித்த வெள்ளைத் துணி ஒன்று இருந்தது.

"வாழ்த்துகள்" என்றார் ஆட்சி அதிகாரி. "இனிமே உங்க குடும்பத்துல குறையே இல்ல. ரெண்டுன்னா ரெண்டு."

"அப்ப இது?" மனைவி தொட்டிலுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"உபரி" என்றார் பொருளியல். "தேவைக்கு மேல இருக்கிறது. கிடங்குக்கு அனுப்பிடணும்."

"கிடங்கு எங்க இருக்கு?"

"எங்க கட்டடத்துக்குப் பின்னால."

"அங்க யாரு பாத்துப்பாங்க?"

"காவலாளி இருக்காரு. சாயங்காலம் பூட்டிட்டுப் போயிடுவாரு."

"லைட்டு இருக்குமா?"

"உபரிக்கு மின்சாரம் ஒதுக்க முடியாதும்மா. மற்றவை எல்லாம் மாறாம இருந்தா, அதுக்கு இருட்டுன்னா தெரியாது."

"தெரியும்" என்றாள்.

பொருளியல் அதிகாரிக்கு ஆறுதல் சொல்ல வேண்டும் போலிருந்தது. நல்ல மனிதர். "தனியாவும் இருக்காது. வருஷா வருஷம் சராசரியில கழிச்சதெல்லாம் அங்கதான் இருக்கு. புள்ளி ஒண்ணு, புள்ளி நாலு. ஒரு புள்ளி ஏழு கூட இருக்கு, ரொம்பப் பழசு. இதுவரைக்கும் யாரும் வந்து கேட்டதில்ல."

 இளையவள் போய் மூத்தவளின் பாவாடையைப் பிடித்துக்கொண்டாள்.

உளவியல் அம்மா வெள்ளைத் துணியை உதறி விரித்து, இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டார். "பிரிவ நல்லபடியா முடிக்கணும். நீங்களே உங்க கையால எடுத்து இதுல வைங்க. வெச்சிட்டு ஒரு ஆழ்ந்த மூச்சு. அதோட உங்க துக்கம் முடிஞ்சிடும். மாடியில எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க."

"குடுக்கலன்னா?"

"சராசரிக்கு மேல இருக்கிற குடும்பம் சராசரி இல்லத்துல இருக்க முடியாது" என்றார் ஆட்சி அதிகாரி. "இப்பவே சாவிய வாங்கிக்க வேண்டியிருக்கும். சட்டம் உங்க நல்லதுக்குத்தான்."

கண்ணாடிக்காரர் மனைவியைக் கைப்பிடித்துச் சமையல்கட்டுக்குள் கூட்டிக்கொண்டு போனார்.

"இங்க பாரு. சும்மா குனிஞ்சு, எடுக்கற மாதிரி எடு. அந்தம்மா துணியில வைக்கற மாதிரி வை. அவங்களுக்கு என்ன தெரியப் போவுது? வெறுங்கையத்தானே நீட்டப் போற?"

அவள் அவரையே பார்த்தாள்.

"வீடு போயிடும்டி. மறுபடியும் அந்தத் திரைக்குப் பின்னால போய் உக்காரணும். பொண்ணுங்க வளருது. உன் அண்ணி என்னென்ன பேசுவான்னு தெரியும்ல? ஒரே ஒரு நிமிஷம். கைய நீட்டினாப் போதும். அது நம்மகிட்டயேதான் இருக்கும்."

"அன்னைக்கும் ஒண்ணும் இல்லாத மாதிரிதான் எழுந்து சமைச்சேன்" என்றாள். "நீங்களும் ஒண்ணும் நடக்காத மாதிரி சாப்பிட்டீங்க. இன்னொரு தடவை என்னால முடியாதுங்க."

 குழாயிலிருந்து சொட்டுத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. தனிக் குழாய்.

"சரி" என்றார். "நீ பாக்காத. நான் குடுத்துடறேன்."

அவர் அறைக்குத் திரும்பினார். அதிகாரிகள் விலகி நின்று மரியாதையாகக் கைகட்டிக்கொண்டார்கள். கண்ணாடிக்காரர் தொட்டிலின் மேல் குனிந்தார். செய்ய வேண்டியது இன்னதென்று மனத்தில் தெளிவாகத்தான் இருந்தது. இரண்டு கைகளையும் உள்ளே விட்டு, வெறும் காற்றை அள்ளி, திரும்பி, ஏந்திய துணியில் விட வேண்டும். வீடு மிஞ்சும். தாழ்ப்பாள் மிஞ்சும். பெண்களுக்கு ஒரு அறை மிஞ்சும்.

கைகளை உள்ளே விட்டார். நிமிர்ந்தார்.

நிமிர்ந்தவர் அப்படியே நின்றுவிட்டார். மூத்தவளைப் பிறந்த அன்று தூக்கியபோது இருந்த மாதிரி முழங்கை மடங்கியிருந்தது. அவர் மடக்கவில்லை.

"குடுங்க" என்றார் உளவியல் அம்மா.

அவர் கைகள் நீளவில்லை. நெஞ்சை நோக்கி இன்னும் கொஞ்சம் ஒடுங்கின.

"குடுங்க சார். விட்டுடுங்க. ஆழ்ந்த மூச்சு."

"கொஞ்சம் வழி விடுங்கம்மா" என்றார் கண்ணாடிக்காரர்.

"என்னது?"

"படியில இறங்கணும். வழி விடுங்க."

மூன்று அதிகாரிகளும் தங்களை அறியாமல் சுவரோடு சுவராக ஒதுங்கினார்கள். அவர் இடிக்காமல், குலுங்காமல், ஒவ்வொரு படியாகக் காலால் தடவித் தடவி இறங்கித் தெருவுக்கு வந்தார். பெண்கள் துணி மூட்டையோடு பின்னால் வந்தார்கள். மனைவி சாவியை ஆட்சி அதிகாரியின் உள்ளங்கையில் வைத்துவிட்டு வந்தாள். உள்ளே வாக்குவாதம் தொடங்கிவிட்டது. ஒப்படைத்தாயிற்று என்றார் ஒருவர், இல்லை என்றார் இன்னொருவர். உளவியல் அம்மா விரித்த துணியைக் கீழே வைக்கவும் துணியாமல், மடிக்கவும் துணியாமல், ஏந்தியபடியே நின்றார்.

இடது பக்கம் போனால் கடைவீதி. வலது பக்கம் போனால் அண்ணன் வீடு, கூடம், திரை. அவர்கள் வலது பக்கம் திரும்பினார்கள். பட்டப்பகல், தெருவில் நல்ல கூட்டம். வெறுங்கையை மடக்கிக்கொண்டு ஒரு மனிதர் அடிமேல் அடி வைத்து நடப்பதை நாலு பேர் நின்று பார்த்தார்கள். அவருக்கு அது எதுவும் தெரியவில்லை. தோள்பட்டை வலிக்க ஆரம்பித்திருந்தது.

மனைவி எட்டி நடந்து பக்கத்தில் வந்தாள். அவர் கைகளை ஒரு கணம் குனிந்து பார்த்தாள்.

"அப்படித் தொங்க விடாதீங்க" என்றாள். "தலைக்குக் கீழ கையக் குடுங்க."

கொடுத்தார்.